கோல்கீப்பரின் இடைவேளை

மாத்திரை தொண்டையில் இறங்க எவ்வளவு தண்ணீர் வேண்டுமோ அவ்வளவுதான் குடித்தாள். ஒரே ஒரு வாய். பிறகு பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகி, பையின் அடியில், துண்டுக்குக் கீழே தள்ளினாள். கண்ணில் பட்டால்தானே கை போகும். அரையிறுதி ஆட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. உடை மாற்றும் அறையில் மற்ற பெண்கள் தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டும், ஷூ லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டும் இருந்தார்கள். அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கவசங்களை ஒவ்வொன்றாக மாட்ட ஆரம்பித்தாள். முதலில் இடுப்புக் கவசம், அதன்மேல் தொளதொள கால்சட்டை, இரண்டு கால்களிலும் தலையணை மாதிரி தடித்த பேடு, பாதங்களின்மேல் பந்தை உதைக்கக் கிக்கர், மார்புக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, கடைசியில் ஹெல்மெட். ஒவ்வொன்றுக்கும் பட்டை, ஒவ்வொரு பட்டைக்கும் பக்கிள். எல்லாம் மாட்டி எழுந்து நின்றால் ஒரு பீரோவுக்குக் கால் முளைத்த மாதிரி இருப்பாள். அணியில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெரியவர்களுக்குச் 'சுவர்', சின்னவர்களுக்குச் 'சுவரக்கா'.

அவர்களுடையது குடிநீர் வாரியத்தின் பெண்கள் ஹாக்கி அணி. ஆட்டம் இல்லாத நாட்களில் அவள் வாரிய அலுவலகத்தில் புகார் கவுன்டரில் உட்காருவாள். குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தால் கலங்கலாக வருகிறது என்று வருகிறவர்களிடம் "நாளைக்குள்ள வந்துடும்" என்று முகம் கோணாமல் சொல்லுவாள். ஊருக்கே தண்ணீர் கொடுக்கிற ஆபீஸ்காரி ஆட்டத்தன்று மட்டும் தண்ணீரைத் தொடமாட்டாள் என்பது அணியில் பழைய ஜோக். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆட்டத்துக்கு முந்தைய சாயங்காலமே நிறுத்திவிடுவாள். மாதவிலக்குத் தேதியும் ஆட்டமும் சேர்ந்து வந்துவிட்டால் அதற்கும் முந்தைய நாளே. அந்த நாட்களில் எப்படியும் வயிறு உப்பி, இடுப்புப் பட்டை ஒரு துளை தள்ளிப் போகும். உள்ளே ஏற்கெனவே தண்ணீர் தேங்கிக் கிடக்கிறதே, இன்னும் எதற்கு ஊற்றவேண்டும் என்பது அவள் கணக்கு.

உண்மைக் காரணம் வேறு. மாட்டியதையெல்லாம் கழற்றி, போய்வந்து, திரும்ப மாட்டுவதற்குள் இடைவேளை போய்விடும். கழிப்பறை எந்த மைதானத்திலும் கேலரிக்குப் பின்னால், மூலையில் இருக்கும். சாவி வாட்ச்மேன் கையில் இருக்கும், வாட்ச்மேன் எங்கே இருப்பார் என்பது வாட்ச்மேனுக்கே தெரியாது. நாப்கின் மாற்ற வேண்டிய நாளென்றால் அதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, கறை. பத்திரிகைப் போட்டோகிராஃபர்கள் கோலுக்குப் பின்னால்தான் நீள நீளமான கேமராவோடு உட்காருவார்கள். பெனால்டி கார்னருக்குக் குனிந்து நிற்கும்போதெல்லாம் பந்து வரும் திசையில் ஒரு கண்ணும், முதுகுக்குப் பின்னால் இன்னொரு கண்ணும் வேண்டியிருந்தது. ஆகவே இரண்டு நாப்கினை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தண்ணீரை நிறுத்தி, வலி மாத்திரை ஒன்றைப் போட்டு அவள் தன் முறையை வகுத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷமாக அது வேலை செய்தது. அல்லது, வேலை செய்ததாக நினைத்தாள்.

இந்த முறை வலி கொஞ்சம் இடம் மாறியிருந்தது. வழக்கமாக அடிவயிற்றில் வந்து இரண்டு தொடைக்கும் இறங்கும். இது முதுகின் வலது பக்கத்தில், விலா எலும்புக்குக் கீழே ஆரம்பித்து, முறுக்கிப் பிழிந்து, விட்டு, திரும்பவும் வந்தது. வயசு ஏற ஏற இதுவும் இடம் மாறும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது குவார்ட்டர் முடிந்தபோது இன்னொரு மாத்திரை போட்டாள். மூன்றாவதில் இன்னொன்று. ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்து ஷூட் அவுட்டுக்குப் போனது. எதிரணிப் பெண்கள் ஒவ்வொருவராகப் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவர, அவள் கோலை விட்டு முன்னால் வந்து, கால்களை அகட்டி, விழுந்து, உருண்டு, கடைசிப் பந்தை இடது கையால் வெளியே தட்டினாள். விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. சந்தோஷத்தில் கிடக்கிறாள் என்று எண்ணி அணி முழுக்க ஓடிவந்து அவள்மேல் விழுந்தது. எல்லோருக்கும் அடியில் மாட்டியது குருவிதான். குருவி இரண்டாவது கோல்கீப்பர், இருபது வயசு, மெலிந்த உடம்பு, ஓயாத வாய். ஹெல்மெட்டின் கம்பிகளுக்குள்ளே சுவரக்கா வாந்தி எடுப்பதை முதலில் பார்த்தது அவள்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "எத்தனை நாளா வலி?"

"ரெண்டு நாளா. பீரியட்ஸ் வலின்னு நினைச்சேன்."

"இது அது இல்லம்மா. சிறுநீரகத்துல கல்லு. சின்னதுதான், கீழே இறங்கப் பார்க்குது. அதான் இந்த உயிர்போற வலி. இன்னைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

அவள் யோசித்தாள். மாத்திரைக்கு ஒரு வாய், மாத்திரைக்கு ஒரு வாய், மாத்திரைக்கு ஒரு வாய்.

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. பகல் முழுக்க நின்றிருந்த களைப்பு அவள் குரலில் இருந்தது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் உடம்பின் சூடு இயல்பாகவே கொஞ்சம் ஏறியிருக்கும் என்றாள். அதற்குமேல் இத்தனை கவசம், இந்த வெயில். உடம்பு உப்புகிறது என்று தண்ணீரை நிறுத்தினால், உடம்பு பயந்துபோய் இருக்கிறதையும் விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும்; வயிற்று வலியும் கூடத்தான் செய்யும். வறண்டு கிடக்கிற சிறுநீரகத்தின்மேல் அத்தனை வலி மாத்திரையைக் கொட்டினால் அது என்ன செய்யும் பாவம், என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள்.

கணவன் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவன். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட கையோடு பஸ்ஸையே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். ஆம்புலன்ஸ் திரும்ப வழியில்லை என்று செக்யூரிட்டி இரண்டு முறை மேலே வந்து திட்டிவிட்டுப் போனான். பஸ்ஸை நகர்த்தி நிறுத்திவிட்டு வந்து, அவள் கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் சொட்டையே பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"பாப்பா எங்க?"

"பக்கத்து வீட்டுல விட்டிருக்கேன். அம்மா ஜெயிச்சாங்களான்னு கேட்டா. ஜெயிச்சுட்டாங்கன்னு சொல்லிட்டு வந்தேன்." பிறகு, "ஒண்ணு சொன்னா சிரிக்கமாட்டியே?" என்றான்.

"சிரிச்சா வலிக்கும். சொல்லுங்க."

"பஸ்ல சாயங்காலம் புள்ளைங்க இறங்கின பிறகு, மறந்துட்டுப் போன பாட்டிலையெல்லாம் எடுத்து வைப்பேன் பாரு. பசங்க பாட்டில் காலியா இருக்கும். பொண்ணுங்களோடது, அதுவும் பெரிய கிளாஸ் பொண்ணுங்களோடது, காலையில நிரப்பினது நிரப்பினபடி இருக்கும். பொண்ணுங்களுக்குத் தாகமே எடுக்காது போலன்னு இத்தனை நாளா நினைச்சுட்டிருந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. அவள் கையை எடுத்துத் தன் முழங்காலின்மேல் வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் கோச் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் நல்ல ஃபுல்பேக். அவர் கோபமெல்லாம் மைதானத்தோடு சரி. வெளியே வந்துவிட்டால் கைகளை எங்கே வைப்பது என்றே தெரியாத மனுஷன். ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்தார். அவை உருண்டு விழாமல் இருக்கப் பையின் வாயைக் கட்டினார், அவிழ்த்தார், திரும்பக் கட்டினார்.

"ஃபைனலுக்கு நீங்க வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"தெரியும் சார்."

"குருவிதான் நிக்கணும். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. பொண்ணு வாயாடியா இருந்தாலும் உங்கள அப்படியே காப்பி அடிக்கிறா. நேத்து ராத்திரியிலிருந்தே தண்ணியத் தொடலையாம். இன்னும் ரெண்டு நாள் இருக்குடீன்னு கேப்டன் சொல்லியும் கேக்கல. சுவரக்கா மாதிரியே தயார் பண்றேங்கறா. என்ன ஒரு கட்டுப்பாடு!"

அவள் கோச்சின் முகத்தைப் பார்த்தாள். அதில் உண்மையான பெருமை இருந்தது. பன்னிரண்டு வருஷமாக இந்த மனுஷன் அவளைப் பார்த்து இப்படித்தான் பெருமைப்பட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுடையது ஏதோ விரதம், ஏதோ தவம் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவளும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தாள்.

"சார், அது கட்டுப்பாடு இல்ல."

"பின்ன?"

புகார் கவுன்டரில் எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறாள், எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள்! இதைச் சொல்ல மட்டும் பழக்கமில்லை. அந்த நேரம் பார்த்து நர்ஸ் உள்ளே வந்து, கட்டிலுக்கடியில் இருந்த சிறுநீர்க் குடுவையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "பரவாயில்ல, நேத்து டீத்தண்ணி மாதிரி இருந்துச்சு, இன்னைக்கு தேவல" என்று உரக்கச் சொல்லிவிட்டு அதை எடுத்துக்கொண்டு போனாள். கோச் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"பாத்ரூம் போக முடியாது சார். அதான் காரணம். அத்தனையும் கழட்டி மாட்டணும். பீரியட்ஸ் நேரத்துல நாப்கின் மாத்தணும். கறை பட்டுடுமோன்னு பயம். அதுக்குத்தான் தண்ணி குடிக்கிறதில்ல. வேற ஒரு மண்ணும் இல்ல."

கோச் ஆரஞ்சுப் பையைப் பார்த்தார். அதன் முடிச்சை இன்னொரு முறை அவிழ்த்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். மழுப்பாமல்தான் யோசித்தார் என்று அவளுக்குத் தெரிந்தது. "தெரியல," என்றார். "அனேகமா, காதுல விழாத மாதிரி இருந்திருப்பேன்."

அன்று சாயங்காலமே குருவியை வரச்சொன்னாள். குருவி ஆஸ்பத்திரி வராந்தாவில் தாவித் தாவி வந்தாள். வந்ததும் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரிமையோடு எடுத்து உரித்தாள். அணியில் சேர்ந்த முதல் நாள் "அக்கா, பேடு இருக்கா?" என்று நாப்கினுக்காகக் குருவி காதோடு கேட்க, சுவரக்கா தன் கால்பேடைத் தூக்கி மடியில் போட்டதும், அறையே அதிரச் சிரித்ததும் அணியில் இன்னும் பேசப்படுகிற கதை. அப்படி எதையும் கேட்டுவிடுகிற பெண்தான். ஆனால் சுவரக்கா ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை மட்டும் கேட்டதில்லை.

"உதடெல்லாம் ஏன்டி வெடிச்சிருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"டேட் எப்போ?"

"இன்னைக்குத்தான் ஆரம்பிச்சுது. ஃபைனல் அன்னைக்கு மூணாவது நாளாயிடும். சமாளிச்சுடுவேன்."

"தண்ணி குடிச்சியா?"

"நீங்க குடிக்கமாட்டீங்களே!" என்றாள் குருவி, ஏதோ பரீட்சைக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிற மாதிரி. "தண்ணி குடிச்சா உடம்பு கனத்துடும், ரிஃப்ளெக்ஸ் மந்தமாயிடும். நீங்கதானே சொன்னீங்க. நான் மட்டும் இல்ல, லெஃப்ட் விங்கு, சென்டர் ஹாஃபு, நாங்க அஞ்சாறு பேரு அப்படித்தான்."

நான் எப்போது சொன்னேன் என்று கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். சொல்லியிருக்கிறாள். எப்போதோ, எந்த ஊர் ஆட்டத்துக்கோ போகும்போது பஸ்ஸில், யாரோ ஒரு சின்னப்பெண் ஏன்க்கா நீங்க தண்ணியே குடிக்கறதில்ல என்று நச்சரித்ததற்கு, பேச்சை முடிப்பதற்காக வாயில் வந்ததைச் சொன்னாள். டிரைவர் பக்கத்தில் கோச் உட்கார்ந்திருந்தார். உண்மையை அங்கே சொல்ல முடியாது. சொன்ன மறு நிமிஷம் மறந்தும்போனாள். அது பஸ்ஸில் சீட்டு சீட்டாகத் தாவி, வருஷம் தாண்டி, இப்போது ஆரஞ்சுச் சுளையை வாயில் அடக்கிக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்திருந்தது.

"அது பொய்டி," என்றாள். "நான் விட்ட கதை."

குருவி மெல்லுவதை நிறுத்தினாள். கோபம் வருமென்று சுவரக்கா எதிர்பார்த்தாள். வந்தது வேறு. "அப்போ எனக்கு மயக்கம் வர்ற மாதிரி இருக்கறது," என்று குருவி மெதுவாகக் கேட்டாள், "நான் வீக்கா இருக்கறதால இல்லையா?"

சுவரக்கா தலையணைக்குப் பக்கத்தில் இருந்த செம்பை எடுத்து நீட்டினாள். குருவி வாங்கி, மூச்சுவிடாமல் குடித்து, சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டாள்.

ஃபைனலுக்கு முந்தைய நாள் மாலை, வீட்டுக்கு அனுப்பப்பட்ட கையோடு சுவரக்கா பயிற்சி மைதானத்துக்குப் போனாள். கல் இறங்கிவிட்டிருந்தது; ஓடாதே, குனியாதே, குடித்துக்கொண்டே இரு என்று சொல்லியிருந்தார்கள். ஷெட்டில் எல்லாப் பெண்களையும் உட்காரவைத்து, கோச்சையும் போகவிடாமல் நிற்கவைத்து, சொன்னாள். நீளமாக ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் நான் சொன்னது பொய், காரணம் இது, இதனால் எனக்கு ஆனது இது, இனிமேல் யாரும் அப்படிச் செய்யவேண்டாம். முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஏழெட்டு வருஷத் தோழியான கேப்டன் மட்டும் சொன்னாள்: "நானும்தான்டி. எனக்குக் கவசம்கூடக் கிடையாது. சும்மா உன்னைப் பார்த்துத்தான்."

பிறகு ஒத்திகை பார்த்தார்கள். குருவிக்கு முழுக் கவசத்தையும் மாட்டி, இடைவேளை என்று வைத்துக்கொண்டு, சுவரக்காவும் அவளும் கழிப்பறைக்கு விரைந்தார்கள். மார்புக் கவசத்தைக் கழற்றத் தேவையில்லை, பின்னால் தூக்கிக் கட்டினால் போதும். கால்பேடில் மேல் இரண்டு பக்கிளை மட்டும் அவிழ்த்தால் உட்கார முடியும். இடுப்புக் கவசத்தைக் கடைசியாகக் கழற்றி முதலில் மாட்டவேண்டும். பன்னிரண்டு வருஷமாகத் தனியாக முடியாது என்று விட்டுவைத்த வேலை, இரண்டு பேராகச் செய்தபோது அத்தனை பெரிதாக இல்லை. கோச் ஸ்டாப்வாட்ச்சோடு வெளியே, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காவல்காரன் மாதிரி விறைத்து நின்றார். வெளியே வந்ததும் நேரத்தைச் சொன்னார். "இன்னொரு தடவை. இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்," என்றார். அந்தக் குரலில் பெனால்டி கார்னர் பயிற்சியின் கண்டிப்பு இருந்தது. அவருக்குத் தெரிந்த ஒரே மொழி அதுதான். அதில் அவர் சரியாகவே பேசினார்.

ஃபைனலில் முதல் பாதியிலேயே குடிநீர் வாரிய அணி ஒரு கோல் போட்டது. குருவி நன்றாக நின்றாள். உயரம் போதாததைத் தாவல் ஈடுகட்டியது. சுவரக்கா பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு பந்துக்கும் தன் கால்கள் தானாக அகலுவதைத் தடுக்க முடியாமல், பக்கத்தில் இருந்தவளை இடித்துக்கொண்டே இருந்தாள். குவார்ட்டர் இடைவெளியில் தண்ணீர் பாட்டில்கள் கை மாறின. எல்லோரும் குடித்தார்கள். குடிப்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

இடைவேளை விசில் ஊதியதும் சுவரக்காவும் குருவியும் கிளம்பினார்கள். சாவியை மேனேஜர் காலையிலேயே வாங்கி வைத்திருந்தார். ஆனால் கழிப்பறைக்குச் சாவி தேவைப்படவில்லை. கதவு ஏற்கெனவே திறந்திருந்தது, உள்ளே ஆள் இருந்தது, வெளியே வரிசையும் இருந்தது. கேலரியில் விருந்தினராக வந்தவர்களின் குடும்பத்துப் பெண்கள், குழந்தைகளோடு. "கொஞ்சம் வழி விடுங்க, மேட்ச் ஆடற பொண்ணு" என்று சுவரக்கா கெஞ்சினாள். இரண்டு பேர் விலகினார்கள். மூன்றாவது அம்மாள் கையில் குழந்தை அடக்கமுடியாமல் துள்ளிக்கொண்டிருந்தது. அதைத் தள்ளிப்போடச் சொல்ல யாராலும் முடியாது. குருவி அத்தனை கவசத்தோடும் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டு நின்றாள். உள்ளே போனபோது பாதி நேரம் போயிருந்தது.

ஒத்திகையில் வழுக்கிக்கொண்டு வந்த பக்கிள்கள் வியர்வையில் ஊறி மாட்டிக்கொண்டன. சுவரக்கா முழங்காலில் நின்று பல்லால் ஒரு பட்டையை இழுத்தாள். குனியாதே என்று டாக்டர் சொன்னது முதுகு ஞாபகப்படுத்தியபோதுதான் ஞாபகம் வந்தது. வெளியே விசில் கேட்டது.

"அக்கா, ஆரம்பிச்சுட்டாங்க."

"ஆரம்பிக்கட்டும். காலைத் தூக்கு."

"யாரு நிக்கிறாங்க கோல்ல?"

"யாராவது நிப்பாங்க. நீ முதல்ல முடி."

குருவி அவசரத்தில் அழ ஆரம்பித்திருந்தாள், அழுதுகொண்டே நாப்கினின் ஒட்டுக் காகிதத்தை உரித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேலரியின் இரைச்சல் ஏறி ஏறி வந்து, ஒரே கத்தலாக வெடித்தது. எதிரணிக்காரர்கள் கொண்டுவந்திருந்த மேளம் அடிக்கத் தொடங்கியது. இருவரும் அப்படியே நின்றார்கள்.

"கோலா?"

"ஆமா. நமக்குத்தான் விழுந்திருக்கு." இடுப்புக் கவசத்தை மாட்டி இழுத்தாள். "ஒண்ணுக்கு ஒண்ணு. இன்னும் பாதி மேட்ச் இருக்கு. வா."

ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு குருவி ஓடியதை, அகட்டிய கால்களோடு, கேலரியின் முன்வரிசைப் பையன்கள் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோல்வாயில் வெறும் மட்டையோடு நின்றிருந்த கேப்டன், அவள் வருவதைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள்.

பெஞ்சுக்கு வந்து சேர்ந்த சுவரக்காவைக் கோச் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, முந்தைய நாளின் மனுஷன் எங்கோ போய்விட்டிருந்தார். "அம்பயர் கால்ல விழாத குறை! ரெண்டு நிமிஷம் தரமாட்டேனுட்டான். கொஞ்ச நேரம் அடக்கியிருக்கக் கூடாதா? ஃபைனலு! ஒரே ஒரு நாள்!"

"அடக்கி அடக்கித்தான் சார் நான் இந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கேன்."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. பெஞ்சில் இருந்த சின்னப்பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். கோச் மைதானத்துப் பக்கம் திரும்பி, யார் பெயரையோ சொல்லிக் காரணமில்லாமல் கத்தினார்.

அதற்குப் பிறகு குருவி ஆடியது வேறு ஆட்டம். எத்தனை பந்து வந்தது, எத்தனையைத் தடுத்தாள் என்று யாரும் எண்ணவில்லை. ஒருமுறை கீழே கிடந்தபடியே காலைத் தூக்கி, கோலுக்குள் போகிற பந்தைக் கோட்டின்மேல் நிறுத்தினாள். நான் நின்றிருந்தால் இதைத் தடுத்திருப்பேனா என்று சுவரக்கா தன்னையே கேட்டுக்கொண்டாள். இல்லை என்று உடனே பதில் வந்தது. வலிக்கும் என்று நினைத்தாள். கொஞ்சம் வலித்தது. கடைசி நிமிஷங்களில் எதிரணிக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. அவர்களுடைய உயரமான பெண் இழுத்து வீசிய பந்து கம்பத்தின் உள்பக்கத்தில் பட்டு உள்ளே விழுந்தது. அதைத் தடுக்கச் சுவர் கட்டினாலும் முடியாது. இரண்டுக்கு ஒன்று. ஆட்டம் முடிந்தது.

தோற்ற அணி செய்வதையெல்லாம் அவர்களும் செய்தார்கள். சிலர் புல்தரையில் குப்புறப் படுத்தார்கள், சிலர் அழுதார்கள், கேப்டன் எல்லோரையும் தூக்கி நிறுத்தினாள். குருவி அழவில்லை. பாட்டிலைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டு, மிச்சத்தைக் குடித்தாள். இடைவேளைக் கதை அதற்குள் கேலரியில் பரவியிருந்தது. போகிற வழியில் யாரோ எதையோ சொல்லிச் சிரித்தார்கள். நாளைக்கு அலுவலகத்திலும் அது வந்து சேரும், கவுன்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் யாராவது கேட்பார்கள் என்று சுவரக்கா நினைத்தாள். கேட்கட்டும், பதில் இருக்கிறது.

கோச் ஒரு ஓரத்தில் சிதறிக் கிடந்த கூம்புகளைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அது அவர் வேலையில்லை. சுவரக்கா பக்கத்தில் போனதும் நிமிராமலே சொன்னார்: "அடுத்த சீசன்ல மேட்சுக்கு முன்னாடியே, அந்த மூலைப் பக்கத்து பெஞ்சை நாம கேட்டு வாங்கிக்கணும். ஓடற தூரம் பாதியாயிடும்."

"சரி சார்."

"அப்புறம் அந்த பக்கிள். பட்டைய மாத்தி, ஒட்டுற மாதிரி ஏதாவது தைக்க முடியுமான்னு பாருங்க."

"பாக்கறேன் சார்."

பரிசளிப்புக்கு ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேளம் இன்னும் ஓயவில்லை. அவர்கள் அணிப் பெண்கள் கேலரிக்குப் பின்னால் கழிப்பறை வாசலில் வரிசையாக நின்றார்கள், மட்டைகளைச் சுவரில் சாய்த்துவைத்து, மெதுவாகப் பேசிக்கொண்டு. இன்று அவர்களுக்கு அவசரம் எதுவும் இல்லை. அப்போது வெற்றி பெற்ற அணியின் பக்கத்திலிருந்து ஒரு உருவம் தனியாக வந்தது. அவர்களுடைய கோல்கீப்பர். முழுக் கவசத்தில், கழுத்தில் யாரோ போட்ட மாலையோடு, கால்களை அகட்டி, ஒவ்வொரு அடியையும் கவனமாக வைத்து வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தாள், உதடு வெளுத்து, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. வரிசையைப் பார்த்ததும் நின்றாள். முன்னால் நின்ற லெஃப்ட் விங் ஒதுங்கி வழிவிட்டாள், அடுத்தவளும் ஒதுங்கினாள்.

அந்தப் பெண் கதவு வரைக்கும் போனாள். பிறகு, உள்ளே போகாமல், சுவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கைகளையும் அதில் ஊன்றி, அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"காலையிலிருந்து போகல," என்றாள்.

சுவரக்கா மண்டியிட்டு வலது கால்பேடின் மேல் பக்கிளைத் தேடினாள். வேறு கம்பெனித் தயாரிப்பு. திறக்கும் விதம் புரியவில்லை. குருவி வந்து இடது காலுக்கு மண்டியிட்டாள்.